ஒற்றைக் கல், ஒற்றைக் கூம்பு

கழுகுமலையில் படியேறிப் போனால், பாறைக்கு நடுவே வெட்டிய ஒரு பெரும் பள்ளமும் அதற்குள் வெட்டுவான் கோயிலும் கண்ணில் படும். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையைச் சுற்றி அகழ்ந்து, நடுவில் விட்ட ஒரே கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். ஒட்டு கிடையாது, இணைப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. மேலே சிகரமும் பூதகணங்களும் உமாமகேசுவரரும் உயிரோடு இருப்பதுபோல் நிற்கிறார்கள். கீழே வரவர உளியின் வேலை குறைகிறது. அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது.

அந்த விமானத்தின் தென்புறத்தில் ஒரு தட்சிணாமூர்த்தி உண்டு. மற்ற ஊர்களில் மௌனமாக இருந்து உபதேசிப்பவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். ஒலியைப் பற்றி எழுதும் எனக்கு, அந்தச் சிற்பத்தின் முன் நின்றால் ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கும். அந்த மிருதங்கத்தை ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்? ஒன்று போதுமா?

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான விடை. விடையின் சாரம் கோயிலிலேயே இருக்கிறது: ஒரே கல்லில் செய்தால் ஒட்டு இருக்காது, ஆனால் அடி முடியாமல் போகலாம்.

ஒரு கூம்பு என்ன செய்கிறது

இன்று நாம் வாங்கும் பல ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் குறைந்தது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கீழ் ஒலிகளுக்கு ஊஃபர், மேல் ஒலிகளுக்கு ட்வீட்டர். யாருக்கு எது என்று பங்கு பிரித்துத் தருவது கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று. இவர்கள் இருவரின் வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் அது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி. கிராஸ்ஓவர் கிடையாது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் கம்பி நேராக ஒரே கூம்புக்குப் போகிறது.

கூம்பின் வேலையைச் சொல்வது எளிது. காகிதக் கூம்பின் கழுத்தில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வாய்ஸ் காயில் என்பார்கள். அது ஒரு காந்தத்தின் இடுக்கில் தொங்குகிறது. பாட்டு மின்சாரமாக வந்து சுருளில் பாய்ந்ததும் சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட வடிவம் இது. நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

சொல்வது எளிது, செய்வது கடினம். மனிதக் காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. கரிசல்காட்டு வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் 20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினேழரை மீட்டர்; ஒரு தெருவீட்டின் நீளம். 20,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினேழரை மில்லிமீட்டர்; ஒரு நிலக்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது. ஆயிரம் மடங்கு வித்தியாசமுள்ள இந்த அலைகளை எல்லாம், உள்ளங்கை அளவுள்ள ஒரே காகிதத்தை அசைத்து எழுப்ப வேண்டும்.

முழுமையாக முடியாது. எவ்வளவு முடிகிறது, முடியாதது எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பானை தரும் பாடம்

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பழுதான ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் மல்லாக்க வைத்துப் பாட்டுக் கேட்பது பழைய வழக்கம். சிறுவயதில் நானும் செய்திருக்கிறேன். இந்த அத்தியாயத்துக்காக அதை மறுபடி செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம், ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் போர்டும் நாலு அங்குல ஸ்பீக்கரும் ஒரு பானையும் போதும்.

முதலில் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை ஓடவிடுங்கள். பல்லுக்கிடையில் பேசுவதுபோல் ஒலி மெலிந்து வரும். அப்படியே கொண்டுபோய்ப் பானை வாயில் வையுங்கள். அதே பாட்டு, அதே ஸ்பீக்கர். ஆனால் தொண்டையிலிருந்து வந்த குரல் நெஞ்சிலிருந்து வரத் தொடங்கும். தவில் என்று ஒன்று அந்தப் பாட்டில் இருந்ததே அப்போதுதான் தெரியும்.

பானை எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. கூம்பு முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, பின்பக்கக் காற்று விரிகிறது. கையில் பிடித்திருக்கும்போது, முன்னால் நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடிப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. மூன்றரை மீட்டர் நீளமுள்ள 100 ஹெர்ட்ஸ் அலைக்கு, பத்து சென்டிமீட்டர் சுற்றிப்போவது ஒரு தூரமே இல்லை. முன்னும் பின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேல் ஒலிகளுக்கு அந்தச் சந்து பெரிய தூரம், அதனால் அவை தப்பிக்கின்றன. பானை செய்வது பின்பக்க ஒலியைச் சிறைவைப்பதுதான். பெட்டி என்பதன் முதல் வேலை இது.

பானைக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. 1951இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் ஒரே ஸ்பீக்கரைக் கோளம், கனசதுரம், உருளை என்று பல வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்தார். மேடுபள்ளம் மிகக் குறைவாக வந்தது கோளத்தில்தான். கூர்மையான மூலை இல்லாததால், ஒலி விளிம்பில் மோதிச் சிதறி இரண்டாவது ஒலியாக நம்மிடம் வருவது அதில் குறைவு. குயவர் சக்கரத்தில் வனைந்த பானை அந்தக் கோளத்தின் உறவு.

குறையும் தெரிய வேண்டும். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு வில்சுருள்போல் கூம்பைத் திருப்பித் தள்ளுகிறது. சிறு பானையில் வில் விறைப்பாகிறது. 150 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ ஒரு சுரம் மட்டும் ‘கும்’ என்று ஓங்கி, எல்லாப் பாட்டிலும் அதே ‘கும்’ வரும். உள்ளே பஞ்சு அடைத்தால் தணியும். கரிசல் மண்ணில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. இரண்டு கைப்பிடி பருத்தியைப் பிய்த்துத் தளர்வாகப் போட்டேன். இழைகளுக்கிடையே உரசிய காற்றின் ஆற்றல் வெப்பமாக மாறி, ‘கும்’ பாதியாகக் குறைந்தது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் பானை வாயில் வைத்து ஸ்பீக்கரை அதன்மேல் அழுத்தியதும் காற்றுக் கசிவின் இரைச்சல் நின்றது. கடைசியாகப் பானையைப் பிரிமணை மேல் சாய்த்து, ஸ்பீக்கரை என் முகத்தைப் பார்க்க வைத்தேன். அதுவரை கூரைக்குப் போய்க்கொண்டிருந்த மேல் ஒலிகள் என்னிடம் வந்தன.

ஒற்றை ஸ்பீக்கரின் அறிவியலில் பாதி இந்தப் பானைக்குள் அடங்கிவிடுகிறது.

குரலை வெட்டாத கருவி

இனி அதன் உண்மையான பலம். அதைப் புரிந்துகொள்ள இரண்டு ஸ்பீக்கர் பெட்டி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுப் பெட்டிகளில் ஊஃபருக்கும் ட்வீட்டருக்குமான எல்லை பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000–5,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் அந்த எல்லைக்கோடும் போகிறது. ‘சிந்து’ என்று ஒருவர் பாடினால், முதலில் வரும் சீறலின் பெரும்பங்கு மேலே உள்ள ட்வீட்டரிலிருந்தும், அடுத்துவரும் உயிரொலியின் உடல் கீழே உள்ள ஊஃபரிலிருந்தும் வருகின்றன. ஒரு வாயிலிருந்து பிறந்த சொல் இரண்டு வாய்களிலிருந்து வருகிறது.

தொலைவில் உட்கார்ந்தால் இது பெரிதாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும். கணக்கையும் பார்ப்போம். 2,500 ஹெர்ட்ஸில் அலைநீளம் 14 சென்டிமீட்டர். இரண்டு ஸ்பீக்கர்களும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. பெட்டிக்கு நேர் உயரத்தில் நாற்காலியில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் காதை எட்டுகின்றன. எழுந்து பாயில் படுத்துக்கொள்கிறீர்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் காது 80 சென்டிமீட்டர் கீழே இறங்கினால், இரண்டு ஒலிகளின் பாதையில் சுமார் 7 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். 7 என்பது 14இல் பாதி. ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் ஒரே நேரத்தில் வருவதால், அந்த ஒலி அழிகிறது. நல்ல வடிவமைப்பாளர்கள் இதைக் குறைக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பதை யாராலும் மாற்ற முடியாது. தரையில் உட்கார்ந்தும் சுவரில் சாய்ந்தும் பாயில் படுத்தும் பாட்டுக் கேட்கும் நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒற்றைக் கூம்பில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. குரல் ஒரு புள்ளியிலிருந்து பிறக்கிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தே வருகின்றன. இதை நன்றாக உணர்த்தும் பாட்டு இந்த மலைக்கே சொந்தமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச்சிந்து, வல்லினமும் எதுகையும் அடுக்கடுக்காக உருண்டு வரும் வகை. துரித காலத்தில் பாடும்போது ஒவ்வொரு ‘ட’வும் ‘க’வும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். அதை என் பானை ஸ்பீக்கரிலும் ஒரு நல்ல இரட்டை ஸ்பீக்கர் பெட்டியிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இசையின் செழுமை பெட்டியில் கூடுதல். பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து பாடுகிறார் என்ற நெருக்கம் பானையில் கூடுதல்.

பலம் இன்னும் இரண்டு உண்டு. அடி முதல் உச்சி வரை ஒரே கூம்பில் தரும் ஸ்பீக்கரை முழுவீச்சு ஸ்பீக்கர் என்பார்கள். பெரிய காந்தமும் எடை குறைந்த காகிதக் கூம்பும் கொண்ட முழுவீச்சு ஸ்பீக்கர்கள் சில, மிகக் குறைந்த மின்சாரத்தில் உரக்கப் பாடுபவை. இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930களில் தொடங்கிவைத்து லோதர் நிறுவனம் வளர்த்த ஸ்பீக்கர்கள் அந்த இனம். இரண்டு மூன்று வாட் வால்வு ஆம்ப்ளிஃபையரே அவற்றுக்குப் போதும். அடுத்தது எளிமை. கிராஸ்ஓவரின் காயிலும் கெபாசிட்டரும் இல்லாததால் பழுதாக இடம் குறைவு, செலவும் குறைவு. நாலு ஸ்குரூவைக் கழற்றத் தெரிந்த ஒரு மாணவர் தானே செய்து, தானே பழுதுபார்த்துக்கொள்ளலாம்.

காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகசுரத்தை ஒரு தலைமுறை எப்படிக் கேட்டது என்று நினைத்துப் பாருங்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டவர். ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் போட்டிபோடுவதைத் தமிழ்நாடே கேட்டது. வீடுகளில் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த வால்வு ரேடியோவில்தான் கேட்டார்கள். மத்திய அலை ஒலிபரப்பில் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இன்று 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அதில் செல்லும் ஒலி ஏறத்தாழ 4,500–5,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாகசுரத்தின் உயிர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. வருகிற ஒலியின் அகலமும் தருகிற கூம்பின் அகலமும் பொருந்தின. அதனால்தான் அந்த ரேடியோக்களில் குறை தெரியவில்லை.

அடி முடியாத இடம்

இப்போது கோயிலின் அடிப்பகுதிக்கு வருவோம்.

கீழ் ஒலியை எழுப்பக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். விதி கறாரானது: அதே உரப்பில் அதிர்வெண் பாதியானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சுவரோடு பொருத்திய நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் உண்மையில் அசையும் விட்டம் 8 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி 80 டெசிபெல் உரப்பு வேண்டுமென்றால், 100 ஹெர்ட்ஸில் கூம்பு முன்னும் பின்னும் முக்கால் மில்லிமீட்டர் அசைய வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 3 மில்லிமீட்டர். 25 ஹெர்ட்ஸில் 12 மில்லிமீட்டர். இந்த அளவு ஸ்பீக்கர்கள் பலவும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒழுங்காக அசையாது. அதற்கு மேல் தள்ளினால் சுருள் காந்த இடுக்கைவிட்டு வெளியே வருகிறது, பாட்டு கரகரக்கிறது.

பெரிய கூம்பு வைத்தால் தீராதா? அடி தீரும், உச்சி போய்விடும். அதை அடுத்துப் பார்ப்போம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கூம்பு தாளத்துக்காக மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே, குரலுக்காக வேகமாகவும் அதிர வேண்டும். ஆடும் கூம்பின்மேல் அமர்ந்திருக்கும் குரல், நெருங்கி வந்து விலகும் ரயிலின் ஹாரன்போல் நுட்பமாகச் சுருதி ஏறி இறங்குகிறது. இது டாப்ளர் விளைவு. மெல்லக் கேட்கும்போது இது ஒரு பொருட்டில்லை. உரக்கக் கேட்கும்போது, பாட்டின்மேல் மெல்லிய திரை விழுந்ததுபோல் தெளிவு மங்கும்.

எங்கள் ஊர் நையாண்டி மேளத்தில் உறுமியைத் தேய்க்கும்போது வயிற்றுக்குள் ஓடும் அந்த முனகல், ஒற்றை ஸ்பீக்கரில் நிழலாகத்தான் வருகிறது. சாமி ஊர்வலத்தில் அதை உடம்பால் கேட்டவருக்கு வீட்டில் ஏமாற்றம் இருக்கும். மறைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ராமனின் மிருதங்கம்

ஆனால் இயற்கை இங்கே ஒரு கருணை காட்டுகிறது. அதன் ஒரு பாதியைக் கண்டு சொன்னவர் சர் சி.வி. ராமன்.

வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் வரும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் இருக்கும். அதனால்தான் சாதாரண முரசில் ‘தடார்’ இருக்கிறது, சுரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாக அப்பியிருக்கும் கரணை, அந்த ஒழுங்கின்மையைச் சரிசெய்து 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். 1934இல் விரிவாக ஆராய்ந்தார். தம்பூரின் ஜீவாளி நூல் மேற்சுரங்களை மலரவைப்பதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார்.

இதற்கும் ஸ்பீக்கருக்கும் என்ன தொடர்பு? முழு எண் விகிதத்தில் மேற்சுரங்கள் வந்துவிட்டால், அடிச்சுரம் இல்லாமல் போனாலும் மூளை அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. 130, 195, 260 ஹெர்ட்ஸ் மூன்றும் சேர்ந்து ஒலித்தால், 65 ஹெர்ட்ஸ் வராமலே 65இன் சுருதி நமக்குக் கேட்கும். ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தின் யான் ஸ்கவுட்டன் 1940ஐ ஒட்டி இதை நுணுக்கமாக ஆராய்ந்தார்.

65 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்பூரின் மந்தரத் தந்தி அதில் பாதி. நாலு அங்குல ஸ்பீக்கர் அந்த 65ஐ அநேகமாகத் தராது. ஆனாலும் தம்பூர் கேட்கிறது, மந்தரமும் கேட்கிறது. இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டாரை ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தப் பெட்டியிலிருந்து 41 வந்ததே இல்லை. மேற்சுரங்களைக் கொண்டு மூளை அந்த ராகக் கோலத்தை வரைந்துகொண்டது.

கருணைக்கும் எல்லை உண்டு. சுருதி கேட்கும், கனம் கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை ஒற்றை ஸ்பீக்கரில் மணிமணியாக வரும். மேற்சுரங்கள் அங்கே ஒழுங்காக இருக்கின்றன. தொப்பியில் ரவையை அப்பிக் கையால் அழுத்தித் தேய்க்கும் கும்காரம் அப்படி வராது. அதன் உயிர் கீழேயே இருக்கிறது, மூளை நிரப்பிக்கொள்ளத் துணைக்கு வரும் மேற்சுரங்களும் அங்கே குறைவு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் மோசம்: 1933இல் பிளெட்சரும் மன்சனும் காட்டியபடி, உரப்பு குறையக் குறையக் கீழ் ஒலிக்கு நம் காது முதலில் மந்தமாகிறது.

மலையில் வாசித்துக்கொண்டிருக்கும் தட்சிணாமூர்த்திக்கு விடை கிடைத்துவிட்டது. வலது கைக்கு ஒரு கூம்பு போதும். இடது கைக்குப் போதாது.

உச்சியில் ஒரு சிக்கல்

மேல் ஒலிகளிலும் ஒற்றைக் கூம்புக்குச் சோதனை உண்டு. அலைநீளம் கூம்பின் விட்டத்தை நெருங்கியதும் ஒலி விரிந்து பரவாமல் டார்ச் வெளிச்சம்போல் நேராகக் குவிகிறது. எட்டு அங்குல ஸ்பீக்கரில் இது 2,100 ஹெர்ட்ஸ் பக்கமும், நாலு அங்குலத்தில் 4,400 பக்கமும், மூன்று அங்குலத்தில் 5,800 பக்கமும் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். நேர் எதிரே இருப்பவருக்குப் பளிச்சென்றும், பக்கத்தில் இருப்பவருக்கு மந்தமாகவும் கேட்கும். ஒரு வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் இருந்தால், நான்கு பேரும் நான்கு விதமாகக் கேட்கிறார்கள்.

மேலே போகப்போகக் கூம்பு முழுத்துண்டாக அசைவதையும் விட்டுவிடுகிறது. காகிதத்தில் அலை ஓடி, ஒரு பகுதி முன்னே போகும்போது இன்னொரு பகுதி பின்னே போகும். அந்த அதிர்வெண்களில் சில ஒலிகள் ஓங்கும், சில அமுங்கும். சில ஸ்பீக்கர்களின் நடுவே ஒரு குட்டிக் கூம்பு செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கூம்பு களைத்த இடத்தில் குட்டிக் கூம்பு ஏற்றுக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. வாய்ட் காலத்து யோசனை. உச்சி கிடைக்கும், கூடவே கொஞ்சம் கூச்சலும் கிடைக்கும். நல்ல ஸ்பீக்கரில் அது தாளத்தின் பளபளப்பு. மோசமானதில் காதைக் கிழிக்கும்.

திருவிழாக்களில் கட்டும் குழாயும் ஒரு வகையில் ஒற்றை ஸ்பீக்கர்தான். பங்குனி உத்திரத்துக்கு ரேடியோ செட் கட்டிய ஒரு அண்ணாச்சியிடம் முன்பு கேட்டேன், “வீட்டுக்கு ஒரு கொழாய் வாங்கி வச்சா என்ன அண்ணாச்சி?” அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “கொழாய் ஊருக்குத் தம்பி. அது தூரத்துல இருக்கவனக் கூப்பிடும். வீட்டுல இருக்கவங்கிட்டப் பேசணும்னா பொட்டிதான்.” இயற்பியலும் அதையேதான் சொல்கிறது. குழாய் நடு ஒலிகளை மட்டும் திரட்டி ஒரே திசையில் வீசுவதால் மைல்கணக்கில் போகிறது. அதே காரணத்தால் எட்டடி அறைக்குள் அது முகத்தில் அடிக்கிறது.

மூன்று வழிகள்

இந்தக் குறைகளை எப்படித் தாண்டுவது? மூன்று முயற்சிகளைப் பார்த்தால் நமக்கும் வழி தெரியும்.

முதலாவது அமர் போஸின் வழி. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அவர், எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1968இல் அவர் நிறுவனம் வெளியிட்ட 901 என்ற பெட்டியில் ஊஃபரும் இல்லை, ட்வீட்டரும் இல்லை. ஒரே மாதிரியான சிறு முழுவீச்சு ஸ்பீக்கர்கள் ஒன்பது. ஒன்று கேட்பவரைப் பார்க்கும். எட்டு பின்சுவரைப் பார்க்கும். அடியிலும் உச்சியிலும் குறைவதை ஒரு தனி மின்சுற்று ஏற்றிக் கொடுக்கும். கிராஸ்ஓவர் தவிர்க்கப்பட்டது, ஆனால் அதற்கு விலை உண்டு. 6 டெசிபெல் ஏற்ற நான்கு மடங்கு மின்திறன் வேண்டும், கூம்பு இரண்டு மடங்கு அசைய வேண்டும். ஒருவரின் சுமையை ஒன்பது பேர் தூக்கியதால்தான் அது முடிந்தது. ஆனால் ஒன்பது பேர் வந்தபின் ஒரு புள்ளியிலிருந்து பிறக்கும் குரல் போய்விட்டது.

இரண்டாவது வழி நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. இயர்போன்களில் பெரும்பாலானவை ஒற்றை ஸ்பீக்கர்தான். அவை உறுமியைக்கூடத் தருகின்றன. காதுத்துளையை அடைத்துக்கொண்டு ஒரு சில கன சென்டிமீட்டர் காற்றை மட்டும் அசைப்பதால், இத்தனூண்டு தகடே போதுமானதாகிறது. ஒற்றைக் கூம்புக்கு எதிரி தூரம்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மூன்று மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நெருங்கி வந்தாலே, ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி ஒன்பதரை டெசிபெல் கூடுகிறது. ஒரு காசு செலவில்லை.

மூன்றாவது கொச்சியில் நடந்தது. ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் ‘ரெதம்’ என்ற பெயரில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கி, உலகின் ஆடியோ இரசிகர்களிடையே பெயர் பெற்றார். ஆரம்பத்தில் லோதர் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வைத்து, நீண்ட குழல்பாதை கொண்ட பெட்டிகளைச் செய்தார். பின்னர் தம் சொந்த முழுவீச்சுக் காகிதக் கூம்புகளை உருவாக்கினார். மாற்றத்தைக் கவனியுங்கள்: பிந்தைய பெட்டிகளில் அடி ஒலிக்கென்று தனி ஆம்ப்ளிஃபையரோடு தனி ஸ்பீக்கர்களைச் சேர்த்துவிட்டார். குரல் நிற்கும் பகுதியை மட்டும் ஒரே கூம்பிடமே விட்டுவைத்தார்.

ஒற்றைக் கூம்பை அவ்வளவு நேசித்த ஒருவர் வந்துசேர்ந்த இடம் அது. அதில் தோல்வி எதுவும் எனக்குத் தெரியவில்லை. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்ற தெளிவு தெரிகிறது. நூறு நூற்றிருபது ஹெர்ட்ஸில் வெட்டினால் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. அந்த அலைகள் மூன்று மீட்டர் நீளம், எங்கிருந்து வருகின்றன என்றே திசை சொல்வது கடினம். 2,500இல் வெட்டினால் குரலின் நெஞ்சில் கத்தி விழுகிறது.

உங்கள் வீட்டுக்கு

இவ்வளவையும் கொண்டு ஒரு முடிவுக்கு வரலாம்.

நீங்கள் கேட்பது பெரும்பாலும் குரல், நாகசுரம், வீணை, புல்லாங்குழல், செய்தி, பேச்சு, பழைய திரைப்பாட்டு. அறை பத்துக்குப் பத்து. கேட்பது ஒருவரோ இருவரோ, ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில். சத்தம் அளவாக. அப்படியானால் மூன்று அல்லது நாலு அங்குல ஒற்றை ஸ்பீக்கர் இரண்டு, நல்ல பெட்டியில், உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருந்தால் போதும். கூம்பின் ஓரத்தில் ஃபோம் வளையம் இருப்பதைவிடத் துணியோ ரப்பரோ இருப்பதாக வாங்குங்கள். ஃபோம் காலப்போக்கில் பொடிந்து உதிரும். பின்சுவருக்கு ஓரளவு நெருக்கமாக வைத்தால், சுவர் அடி ஒலிக்குக் கொஞ்சம் கை கொடுக்கும்.

வீடு முழுக்க ஆட்டம்போட வேண்டும், பெரிய கூடத்தில் பத்துப் பேர் கேட்க வேண்டும், நையாண்டி மேளம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றால் ஒற்றைக் கூம்பை வாட்டாதீர்கள். அது அந்த வேலைக்குப் பிறந்ததில்லை.

இரண்டும் வேண்டுமென்றால் கொச்சியின் வழி: குரலுக்கு ஒற்றைக் கூம்பு, நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சப்-ஊஃபர்.

வெட்டுவான் கோயிலுக்கு மறுபடி போனபோது, முடியாத அடிப்பகுதிக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்து, சாய்ந்த வெயிலில் தென்புற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மேளச் சத்தம் வந்தது. தவிலின் வலந்தலை மட்டும் மலையேறி வந்தது. கனமெல்லாம் தெருவோடு நின்றுவிட்டது. இருந்தாலும் அது என்ன தாளம் என்று விரல் தானாகப் போட்டது. வந்துசேராத அடியை, என் பானை ஸ்பீக்கரின் முன்னால் செய்வதுபோலவே, இங்கேயும் நான்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.